சாட்சி வைத்துத் திறக்கச் சொன்ன டப்பா

மதுரை விமான நிலையத்தில் என் வீட்டுக்காரியின் தீர்த்த டப்பாவை மறித்துவிட்டார்கள். நடந்தது அதுதான். இதில் என் தப்பு எதுவும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். சுத்தமாக இருந்தது. அவ்வளவுதான். சொல்லும்படி ஏதாவது நடந்தது என்றால் அது மதுரையிலேயே நடந்து முடிந்துவிட்டது. மேலூர் பஸ் வர நேரம் இருக்கிறதல்லவா? பையைக் கீழே வைக்காதீர்கள். தரை ஈரம்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. உத்தியோகம் அப்படி. முத்திரை ஆய்வாளர். கடைக்காரர்கள் தராசு ஆபீசர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ சொல்வார்கள். முப்பத்து மூன்று வருஷம். எடைக்கல், படி, எண்ணெய்க் கடை லிட்டர், பெட்ரோல் பங்க், எல்லாம் பார்த்தாயிற்று. தட்டுக்கு அடியில் புளி உருண்டை ஒட்டியிருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஐந்து கிராம் குறைந்தாலும் கண்ணில் படும். என் கண்ணிலிருந்து எதுவும் தப்பினதில்லை.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இளம்பரிதி. அவன் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். நான், வீட்டுக்காரி, சம்பந்தியம்மாள், மூன்று பேரும் கிளம்பினோம். சம்பந்தியம்மாள் என்றால் மருமகளின் அம்மா. மங்கையர்க்கரசி. நல்ல மனுஷி. தனக்கு ஒன்று தெரிந்தால் அது பத்துப் பேருக்குத் தெரியவேண்டும் என்று நினைக்கிற மனுஷி. கல்யாணத்தில் எங்கள் பக்கத்துச் சித்தி ஒருத்தி பல்செட் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இந்த அம்மாள் பந்தியில் உட்கார்ந்தபடி, "அந்தம்மா சிரிச்சா இலைக்கு அடியில கையைக் குடுங்க, சோழி உருளும்" என்றது. பந்தி முழுக்கச் சிரிப்பு. சித்தி அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை. போகட்டும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே விதிமுறைகளை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். தினம் சாயங்காலம் வீட்டுக்காரிக்குப் பாடம். திரவம் எதுவானாலும் நூறு மில்லிக்கு மேல் ஆகாது. உடம்பில் இரும்பு ஆகாது. சேலையில் ஊக்கு ஆகாது, கொண்டையில் ஊசி ஆகாது. மெஷின் கத்தும். கத்தினால் தனியாகக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் என்ன ஏது என்று குடைவார்கள்.

"உடம்புக்குள்ள கம்பி இருந்தா?" என்று கேட்டாள்.

"எங்க இருந்தாலும் கத்தும். ஏன், டாக்டர் ஊசியை உள்ளயே விட்டுட்டாரா?"

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

என் சாமான்களை நானே அளந்து கட்டினேன். பெரிய பெட்டியில் போடவில்லை. கண்ணுக்கு மறைந்த சரக்கு சரக்கே இல்லை. எல்லாம் கைப்பையில்தான். சவரக் கத்தி, படிகாரம், நாக்கு வழிப்பான், பல்பொடி, நகவெட்டி. தலைக்குத் தேய்க்கக் கரிசலாங்கண்ணி எண்ணெய். சரியாக நூறு மில்லி. என்னிடம் ஒரு அளவுக் குவளை இருக்கிறது, முத்திரை போட்டது. அதில் ஊற்றி, கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, பாட்டிலில் அடைத்தேன். குவளையையும் பையில் போட்டுக்கொண்டேன். யாராவது கேட்டால் காட்ட வேண்டாமா?

வீட்டுக்காரி தன் பையைத் தொடவிடவில்லை. முந்தின நாளே சொல்லிவிட்டாள். "ராமேஸ்வரம் தீர்த்தம் ஒரு டப்பா வச்சிருக்கேன். பேரன் தலையில தெளிக்க. தொடாதீங்க. அளக்காதீங்க." காலையில் பார்த்தேன். வாய் அகன்ற சின்ன பிளாஸ்டிக் டப்பா. மஞ்சள் துணி சுற்றி, மேலே குங்குமம். தெய்வ காரியம். விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை வாய்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். காரில் சம்பந்தியம்மாள் விடவில்லை. "என்ன மதினி, வாயே திறக்க மாட்டேங்கறீக? என்மேல கோவமா? இந்தாங்க, முறுக்கு. கடிச்சுக்கிட்டே வாங்க." இவள் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாள்.

"மௌன விரதமா இருக்கும்," என்றேன்.

ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினாள். நல்லது என்று இருந்துவிட்டேன். நாற்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு கார்ப் பயணம் எனக்கு வாய்த்ததில்லை.

விமான நிலையம். பைகளை வரிசையாகப் பெல்ட்டில் வைக்கவேண்டும். அது ஒரு பெட்டிக்குள் போய் அந்தப் பக்கம் வரும். உள்ளே இருப்பது கம்ப்யூட்டர் திரையில் தெரியும். திரைக்கு முன்னால் ஒரு பெண் அதிகாரி. நம் பக்கத்துப் பெண். பேச்சு நெல்லைப் பக்கம். மேஜையில் பையைத் திறந்து பார்ப்பவன் ஒரு வடக்கத்தி ஜவான். மீசை இப்போதுதான் முளைத்திருக்கிறது.

அவன் என் பையை எடுத்தான். பிளேடு ஐந்து. எடுத்து வைத்துக்கொண்டான். சரி, அது விதியில் இருக்கிறது. நான் கவனிக்கவில்லை. நான் கவனிக்காதது அது ஒன்றுதான். அடுத்து எண்ணெய் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தான்.

"இது நோ, சார். இருநூறு."

"நூறு."

"பாட்டில் இருநூறு." பாட்டில்மேல் ஒட்டியிருந்த அட்டையில் விரலை வைத்துக் காட்டினான்.

"தம்பி, அட்டையை நம்பாதே. அட்டையை நம்பினவன் ஆபீசரா இருக்க முடியாது. உள்ள என்ன இருக்கோ அதுதான் கணக்கு. நூறு மில்லி. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளந்து பார்."

அளவுக் குவளையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவன் குவளையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எண்ணெயைத் தொட்டியில் போட்டான். டொப் என்றது.

முப்பத்து மூன்று வருஷம் நான் பார்த்த வேலைக்கு நேர் எதிர் வேலை அது. அட்டையில் ஒரு கிலோ என்று போட்டு எண்ணூறு கிராம் அடைப்பவனைப் பிடித்து வழக்குப் போட்டவன் நான். இங்கே அட்டையில் இருநூறு என்றிருந்து உள்ளே நூறு வைத்தவன் குற்றவாளி. எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. ஏறாதா? உங்களுக்கு ஏறாதா?

அப்போது பெல்ட் நின்றது.

திரைப் பெண் அதை முன்னால் ஓட்டினாள். பின்னால் ஓட்டினாள். திரையைப் பார்த்தாள். "இந்தப் பை யாருது?" என்றாள். வீட்டுக்காரி கையைத் தூக்கினாள். அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், வாய்மேல் இருந்த முந்தானையைப் பார்த்தாள். வீட்டுக்காரி தரையைப் பார்த்தாள்.

அதற்குள் ஜவான் டப்பாவை வெளியே எடுத்துவிட்டான். "யே க்யா? ஓபன்."

"தீர்த்தம்," என்றேன். "ராமேஸ்வரம்."

"எவ்ளோ மில்லி?"

இதற்குத்தான் காத்திருந்தேன். அந்த டப்பாவில் அட்டையே கிடையாது. அட்டை இல்லாத சரக்கை என்ன செய்வாய்? அளந்துதான் ஆகவேண்டும். நான் சொன்னதற்கே வந்துவிட்டான் பாருங்கள்.

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. திற. இந்தக் குவளையில ஊத்து. எல்லார் முன்னாலயும் அளந்துடுவோம்."

வீட்டுக்காரி என் கையைக் கிள்ளினாள். தீர்த்தம் போய்விடுமே என்று பதறுகிறாள் என்று நினைத்தேன். அதனால் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

"சும்மா திறக்கக் கூடாது. மூடின சரக்கைத் திறக்கிறதுன்னா ரெண்டு சாட்சி வேணும். அதுதான் முறை. சம்பந்தி, இங்க வாங்க. வந்து பக்கத்துல நில்லுங்க. கண்ணாடியைப் போட்டுக்கோங்க."

சம்பந்தியம்மாள் ஏற்கெனவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது. பின்னால் நாற்பது பேர் வரிசை. ஒருத்தன் போனில் படம் பிடிக்கப் பார்த்தான், அதட்டி நிறுத்தினார்கள். வீட்டுக்காரி மறுபடி கிள்ளினாள். நகம் பதிந்தது. இங்கே பாருங்கள், இன்னும் தழும்பு இருக்கிறது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பக்தி என்று நினைத்தேன்.

"சந்தேகம் இருந்தா ஒரு வாய் குடிச்சே காட்டறேன்," என்று டப்பாமேல் கையை வைத்தேன்.

"ஐயா!"

திரைப் பெண். நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டாள். அவள் இடத்தில் வேறொரு ஆள் உட்கார்ந்தான். "குடிச்சிராதிய. கொஞ்சம் பொறுங்க."

"ஏன் குடிக்கக்கூடாது?"

"அம்மா கொண்டு வந்த தீர்த்தம்லா. அதை ஆம்பளைங்க திறக்கவும் ஆகாது, அளக்கவும் ஆகாது. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று எப்படிச் சொல்வது? "தெரியும், தெரியும்," என்றேன்.

"அம்மாவைத் தடவிச் சோதிக்கணும். அது அந்தத் துணித் திரைக்குள்ளதான். டப்பாவையும் அங்கயே வச்சுப் பார்த்துருதேன். அந்தக் குவளையைக் குடுங்கய்யா. நீங்க சொன்ன மாதிரியே அளந்துருவோம்."

எனக்குத் திருப்தி. இத்தனை நேரத்தில் அந்த இடத்தில் அளவைப் பற்றி மரியாதையாகப் பேசிய முதல் ஆள் அவள்தான். குவளையைத் துடைத்துக் கொடுத்தேன்.

"நானும் உள்ள வாரேன்," என்றது சம்பந்தியம்மாள். "சாட்சிக்கு. நானும் பொம்பளைதானே?"

வீட்டுக்காரி அப்படியே நின்றுவிட்டாள். திரைக்கு ரெண்டு அடி. போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"உள்ள இருக்கிற இடம் ஒருத்தருக்குத்தான்மா," என்றாள் அந்தப் பெண். "அதோட நீங்க இன்னும் அந்த மெஷின் வளைவுக்குள்ளயே வரலியே. கையில எத்தனை வளையல்? அத்தனையும் கத்தப் போகுது. கழட்டி எண்ணி வைங்க, நான் வந்து பாக்கேன்."

சம்பந்தியம்மாள் ஒரு கையில் ஆறு, ஒரு கையில் ஆறு போட்டிருந்தது. கழற்ற வரவில்லை. அதற்கு அந்த வேலையே சரியாக இருந்தது.

திரை மூடியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம். திறந்தது.

அந்தப் பெண் குவளையை என்னிடம் நீட்டினாள். "அறுபத்தெட்டு மில்லிய்யா. விதிக்குள்ள இருக்கு."

எழுபது என்று சொல்லவில்லை பாருங்கள். அறுபத்தெட்டு. கண் மட்டத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். வேலை தெரிந்தவள்.

பின்னால் வீட்டுக்காரி வந்தாள். முந்தானை தோளுக்குப் போயிருந்தது. "அந்தக் குவளையை உள்ள வைங்க முதல்ல. ஊரே பாக்குது," என்றாள் என்னிடம். அன்றைக்கு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அடுத்து சம்பந்தியம்மாளிடம் திரும்பி, "மதினி, அந்த முறுக்கு இருக்கா?" என்றாள்.

"விரதம்?"

"முடிஞ்சிருச்சு." நறுக் என்று கடித்தாள்.

"தீர்த்தம் எங்க?" என்றேன். டப்பா காலியாக அவள் கையில் இருந்தது.

"அந்தப் பொண்ணு ஆசையா கேட்டுச்சு. வீட்டுல புள்ளைக்குச் சுகமில்லையாம். குடுத்துட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் மறுபடி தன் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். சட்டையில் பெயர்ப்பட்டை. படித்தேன். ராமேஸ்வரம் தீர்த்தம் கேட்டு வாங்குகிற பெயராக அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற பெயர். அங்கேதான் எனக்குத் தட்டியது. சொன்னேனே, என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்று.

விமானத்தில் சம்பந்தியம்மாள் ஜன்னல் ஓரம். ஏறியதும் தூங்கிவிட்டது. நான் நடுவில். வீட்டுக்காரியின் பக்கம் குனிந்து, "உண்மையைச் சொல்லு. திரைக்குள்ள என்ன நடந்தது?" என்றேன்.

சம்பந்தியம்மாள் தூங்குவதை எட்டிப் பார்த்தாள். குறட்டை வந்ததும்தான் வாயைத் திறந்தாள். விரலால் முன்பற்களைத் தொட்டுக் காட்டினாள்.

"இது என்னுது இல்லை."

"என்ன இல்லை?"

"கட்டின பல்லு. கழட்டி மாட்டறது. பின்னால கம்பி இருக்கு. மெஷின் கத்தும், எல்லார் முன்னாலயும் குடைவாங்கன்னு நீங்கதானே ஒரு வாரமா ஓதினீங்க. அதான் கழட்டி வச்சுட்டேன். வெளிய எடுத்தா தண்ணியிலதான் போட்டு வைக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு. இத்தனூண்டு கம்பிக்கெல்லாம் கத்தாதாம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"கத்தினாலும் கத்தும்னுதான் நான் சொன்னேன்."

அப்படிச் சொல்லவில்லை. எங்கே இருந்தாலும் கத்தும் என்றுதான் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன்.

"அந்தத் தண்ணியைத்தான் குடிச்சுக் காட்டறேன்னு நின்னீங்க," என்றாள். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது.

"எப்பக் கட்டினே?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க பென்ஷனர் சங்க மாநாட்டுக்குச் சேலம் போன நாலு நாள்ல. எதிர்வீட்டு ராஜாத்தி கூட வந்தா."

ரெண்டு வருஷம். தினம் மூன்று வேளை எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். புளி உருண்டையை வாசலிலிருந்து பார்க்கிறவன்.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

"என்ன தெரியும்?"

"பல்லு. அப்பவே தெரியும். சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

"அப்படியா? எத்தனை பல்லு?"

யோசித்தேன். "ரெண்டு."

"நாலு," என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே கடல் தெரிந்தது.

"ஏன் என்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா எடுத்து எடை போடுவீங்க."

எடை போடுவேனா? நீங்கள் சொல்லுங்கள். அவளே மேலே சொன்னாள். "உங்களுக்குத் தெரிஞ்சாக்கூடப் பரவாயில்லை. அந்த மதினி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்துச்சு பாருங்க, எனக்கு உசிரே இல்லை. சித்தியை என்ன சொன்னாங்க? பேரன் பொறந்தநாள்ல அத்தனை பேர் முன்னால என் வாயை எல்லாரும் பார்த்துக்கிட்டே இருந்தா, நான் எப்படி அவனைத் தூக்கிக் கொஞ்சுவேன்?"

கொஞ்சினாள். நன்றாகவே கொஞ்சினாள். போட்டோ இருக்கிறது, வாய் நிறையச் சிரிப்பு. சம்பந்தியம்மாள் பக்கத்திலேயே நிற்கிறது. ஒன்றும் தெரியாது அதற்கு. இன்றைய தேதிவரை தெரியாது. தெரிந்தவர்கள் அந்த விமான நிலையப் பெண், நான், எதிர்வீட்டு ராஜாத்தி, இப்போது நீங்கள். நேற்று வந்த ஆட்டோக்காரர். அவரிடமும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் சொன்னேன்.

சம்பந்தியம்மாளுக்கு எந்த ஊரா? திருமங்கலம்.

நீங்களும் திருமங்கலமா? எந்தத் தெரு?

சரி. நான் சொன்னது வேறு யாரைப் பற்றியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னேனா? சொல்லிவிட்டேனா? மறந்துவிடுங்கள். வீட்டுக்காரி பெயரைச் சொல்லவில்லை, பார்த்தீர்களா. அந்த அளவுக்கு நான் ஜாக்கிரதை.

ஊர் திரும்பியதும் விமான நிலையத்துக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். எண்ணெயைப் பற்றி மூன்று பக்கம். அட்டைக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம், உதாரணங்களோடு. வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் படித்தாள்.

"அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வரி இல்லையே?"

மூன்று பக்கத்தையும் கிழித்தேன். புதுத் தாள் எடுத்தேன். எழுத வரவில்லை. ஆயுளில் நான் எழுதினதெல்லாம் குற்றச்சாட்டு. ஒருத்தரைப் பாராட்டி ஒரு வரி எழுதினதில்லை. அந்தப் பெண் செய்ததை எழுதினால் எதற்குச் செய்தாள் என்று எழுதவேண்டும். எதற்கு என்று எழுதினால் அது ஒரு கோப்பில் ஏறும். ஆபீஸ் காகிதம் எத்தனை கை மாறும் என்று எனக்குத் தெரியும். ஒருத்தன் படித்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டுவான். அது கூடாது. அந்தப் பெண் திரையை இழுத்து மூடினாளே, அதை நான் திறந்துவிட்டதாகிவிடும்.

கடைசியில் தேதி போட்டேன். விமானத்தின் எண் போட்டேன். "அன்று திரைமுன் பணியில் இருந்த அதிகாரி தன் வேலையைச் சரியாகச் செய்தார். காரணம் எழுதுவதற்கில்லை. முப்பத்து மூன்று ஆண்டு அரசுப் பணியில் இருந்தவன் சொல்கிறேன், ஏற்றுக்கொள்ளவும்." அதற்குக் கீழே, எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று பெரிதாக, அவள் பெயர். கிறிஸ்டி பொன்மலர்.